மோக்சா: மூலிகைக் கனலால் உடலைச் சூடேற்றும் சீன முறைக்கு ஒரு முழு வழிகாட்டி

காய்ந்த இலையைப் பஞ்சாக இடிக்கிறார்கள். அந்தப் பஞ்சைத் தாளில் இறுக்கிச் சுருட்டி, நுனியில் கனல் ஏற்றி, உடம்பின் குறிப்பிட்ட ஒரு புள்ளிக்கு மேலே தோலைத் தொடாமல் பிடிக்கிறார்கள். மோக்சா சிகிச்சை என்பது இவ்வளவுதான். செய்முறை எளிது. ஆனால் எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, எவ்வளவு நேரம் பிடிப்பது, எப்போது நிறுத்துவது என்ற மூன்றிலும் கை பழக வேண்டும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த மூன்றைப் பற்றியதுதான்.

சீன மருத்துவம் என்றாலே நமக்கு அக்குபங்சர் ஊசி நினைவுக்கு வருகிறது. ஆனால் சூடு வைப்பது ஊசிக்கும் மூத்ததாக இருக்கலாம். ஹுனான் மாகாணத்துச் சாங்ஷா நகரில் மாவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973இல் தோண்டினார்கள். அதில் பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. உடலில் ஓடும் தடங்களை விவரிக்கும் ஏடுகள் அவற்றுள் உண்டு. அவை சிகிச்சையாகச் சொல்வது அந்தத் தடங்களின் மேல் சூடு வைப்பதை மட்டுமே. ஊசியைப் பற்றிப் பேச்சே இல்லை. 2010இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சீன அக்குபங்சரைச் சேர்த்தபோது மோக்சாவையும் உடன் சேர்த்தே பதிவு செய்தது.

எந்த வலிக்கு இது, எதற்கு இல்லை

சீன மருத்துவர்கள் இதைக் குளிர்ச்சியும் சோர்வும் சேர்ந்த உபாதைகளுக்கு வைத்திருக்கிறார்கள்: மழைக்காலத்தில் கூடும் மூட்டு வலி, பிடித்துக்கொண்ட இடுப்பு, சில்லிட்ட பாதங்கள், வெந்நீர்ப்பை வைத்தால் தணியும் மாதவிடாய் வலி, குளிர்ந்ததைச் சாப்பிட்டால் சங்கடப்படும் வயிறு. அவர்களுடைய கோட்பாட்டை ஏற்காதவருக்கும் பயன்படும் ஒரு சோதனை உண்டு. வலிக்கும் இடத்தில் சூடு பட்டால் சுகமாக இருக்கிறதா? இருந்தால் மோக்சா உதவ வாய்ப்புண்டு. அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் கொதிக்கிறது, ஐஸ் வைத்தால்தான் இதம் என்றால் மோக்சா பக்கமே போகாதீர்கள்.

ஆய்வுகளைப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். மோக்சா பற்றி நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை, தரத்தில் குறையுள்ளவை. சூடும் புகையும் வாசனையும் உள்ள ஒரு சிகிச்சைக்கு போலிச் சிகிச்சை தயாரித்து ஒப்பிடுவதே கடினம். ஆகவே இதைத் துணைச் சிகிச்சையாக வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ எடுக்கும் மருந்தை இதை நம்பி நிறுத்தாதீர்கள். புற்றுநோயைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இலையும் பஞ்சும்

சீனாவில் இதற்குப் பயன்படுவது ஆர்டிமிசியா ஆர்க்யி என்னும் செடி. அடிப்பக்கம் வெண்மையாக, நுண்ணிய ரோமம் அடர்ந்த இலை. பஞ்சாவது அந்த ரோமம்தான். நல்ல இலைக்குப் பெயர் பெற்றது ஹூபே மாகாணத்தின் ச்சீச்சுன் வட்டாரம். மிங் அரச வம்ச காலத்தின் மாபெரும் மூலிகை அறிஞர் லீ ஷிட்சென் (1518–1593) அந்த மண்ணில் பிறந்தவர். சீன நாள்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் துவான்வூ திருநாளை ஒட்டி இலையை அறுப்பார்கள். அன்று வீட்டு வாசலில் ஒரு கொத்தைத் தொங்கவிடுவதும் வழக்கம். ஜப்பானில் இதற்கு நெருங்கிய இன்னொரு இனத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

நம் பூக்கடையில் கட்டித் தரும் மருக்கொழுந்தும் நீலகிரி மலைகளில் வளரும் மாசிபத்திரியும் இதே ஆர்டிமிசியா பேரினத்தைச் சேர்ந்தவைதான். அதற்காக அவற்றைக் காயவைத்துச் சுருட்டிக் கொளுத்த வேண்டாம். எண்ணெய்ச் சத்து வேறு, எரியும் விதம் வேறு. மலேரியா மருந்துக்காகச் சீன விஞ்ஞானி து யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்ற செடியும் இன்னோர் ஆர்டிமிசியாவே. அவருக்குத் துப்புக் கொடுத்தது நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங் எழுதிய குறிப்பு. அந்தக் கே ஹோங்கின் மனைவி பாவ் கூ, குவாங்சோ பகுதியில் மோக்சா மருத்துவச்சியாக இன்றும் போற்றப்படுகிறார்.

இலையை மூன்று ஆண்டு பழையதாக்கிப் பயன்படுத்துவது மரபு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் சீனத் தத்துவ அறிஞர் மென்சியஸ் அரசியல் பேசும்போது இதையே உவமையாக எடுத்தாண்டார் என்றால், அந்தப் பழக்கம் அப்போதே எவ்வளவு பரவலாக இருந்திருக்க வேண்டும்! காரணமும் புரியக்கூடியதே. பச்சை இலையின் ஆவியாகும் எண்ணெய்கள் காலப்போக்கில் குறைகின்றன. எண்ணெய் குறைந்த இலை பொறி பறக்காமல், ஒரே சீராக, மெதுவாகக் கனலும்.

கடைகளில் 5:1, 10:1, 30:1 என்று அச்சிட்டிருப்பார்கள். 30 கிலோ இலையிலிருந்து 1 கிலோ பஞ்சு எடுத்தால் அது 30:1. எண் ஏற ஏறக் காம்பும் தூளும் குறைந்து பஞ்சு வெளிறும். அரிசி அளவுக்கு உருட்டித் தோல்மேல் வைக்கும் சிகிச்சைக்கு உயர்ந்த விகிதம் தேவை. கையில் பிடிக்கும் குச்சிக்கு நடுத்தரம் போதும். அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. அட்டையில் இருக்கும் எண்ணைவிட உங்கள் கண்ணை நம்புங்கள். பஞ்சைப் பிரித்துப் பார்த்தால் காம்புத் துண்டுகள் இருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் சேர்ந்து நிற்க வேண்டும். எரிந்த சாம்பல் உடனே பொலபொலவென்று உதிராமல் சற்று நேரம் குச்சியோடு ஒட்டியிருக்க வேண்டும்.

புகையில்லாக் குச்சி என்று கரியாக்கப்பட்ட ஒரு வகையும் கிடைக்கிறது. அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் அதைத்தான் தேடுவார்கள். புகை குறைவு என்பது உண்மை. ஆனால் பற்றவைக்க நேரம் பிடிக்கும், சூடும் கடுமையாக இருக்கும். முதன்முதலில் கற்றுக்கொள்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

யாருக்குக் கூடாது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு மோக்சா வேண்டாம். சூடு தெரியாத இடத்தில் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. அந்தப் புண் ஆறாமல் விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். நம் நாட்டில் சர்க்கரை இவ்வளவு பரவியிருக்கும்போது இதை முதலில் சொல்வது அவசியம். பக்கவாதத்தால் உணர்விழந்த கை கால்களுக்கும் இதே எச்சரிக்கை.

காய்ச்சல் இருக்கும்போது, வெட்டுக்காயம் அல்லது தோல் நோய் உள்ள இடத்தில், வீங்கிச் சிவந்த மூட்டின்மேல் வைக்கக் கூடாது. கர்ப்பிணிகளின் வயிற்றிலும் கீழ்முதுகிலும் கூடாது. முகம், கண் அருகே, கழுத்தின் பக்கவாட்டில் துடிக்கும் பெரிய ரத்தக்குழாய், மார்பகக் காம்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களைத் தொடவே வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர் சிகிச்சை பெறுபவராக மட்டுமல்ல, அந்த அறையில் இருப்பவராகவும் இருக்கக் கூடாது. குடித்திருப்பவர், பசியோடு இருப்பவர், வயிறு முட்டச் சாப்பிட்டவர் ஆகியோருக்கு அன்று தள்ளிப்போடுங்கள். வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்தால் இந்தக் குச்சியை அங்கே கொளுத்தவே கூடாது.

குழந்தைகளுக்கு வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம். அவர்கள் எந்த நொடியில் கையை ஆட்டுவார்கள் என்று சொல்ல முடியாது.

அறையைத் தயார்செய்வது

மோக்சா புகைக்கு இதமான மணம் உண்டு. அதனால் அது நல்லது என்றே பலர் நினைக்கிறார்கள். இலையை எரித்தால் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் வரத்தான் செய்யும். மூலிகை என்பதால் அது மாறாது. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள், அல்லது புகையை வெளியேற்றும் மின்விசிறியை ஓடவிடுங்கள். காற்று நேராக நோயாளியின் மேல் படாமல் இருந்தால் போதும். மேலே சுழலும் விசிறி வேண்டாம், சாம்பலைப் பறக்கடிக்கும்.

கைக்கு எட்டும் தூரத்தில் இவை இருக்கட்டும்: மணல் அல்லது பச்சரிசி நிரப்பிய கனமான கிண்ணம், சாம்பல் தட்ட ஒரு பீங்கான் தட்டு, ஈரத்துணி, ஒரு செம்பு தண்ணீர், இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி ஜாடி. படுக்கையில் நைலான் போர்வையோ பாலியெஸ்டர் விரிப்போ இருந்தால் எடுத்துவிட்டுப் பருத்தி விரிப்பு போடுங்கள். நோயாளியின் தலைமுடியைக் கட்டச் சொல்லுங்கள். கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள்; பேசிக்கொண்டே பிடிக்கும் கை தன்னையறியாமல் கீழே இறங்கும்.

புள்ளியைக் கண்டுபிடிப்பது

சீன அளவு சென்டிமீட்டரில் இல்லை, நோயாளியின் உடம்பிலேயே இருக்கிறது. அவருடைய கட்டைவிரல் கணுவின் அகலம் ஒரு சுன். ஆள்காட்டி விரல் முதல் சுண்டுவிரல் வரை நான்கையும் சேர்த்து வைத்தால், நடுக்கணுவின் அகலம் மூன்று சுன். உங்கள் விரலால் அளக்காதீர்கள், அவர் விரலால் அளக்க வேண்டும்.

தொடங்குபவருக்கு நான்கு புள்ளிகள் போதும்.

ட்சூசான்லி: முழங்காலை மடக்கினால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு பள்ளம் தெரியும். அங்கிருந்து அவருடைய நான்கு விரல் அளவு கீழே, முன்கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. வயிறு, சோர்வு, கால் வலிக்கு. இதைத்தான் முதலில் பழக வேண்டும், ஏனென்றால் அவரவரே உட்கார்ந்து பார்த்துச் செய்துகொள்ளலாம்.

குவான்யுவான்: தொப்புளுக்கு நேர் கீழே நான்கு விரல் அளவில். மாதவிடாய் வலி, அடிவயிற்றுக் குளிர்ச்சிக்கு. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே விட்டுவிடுங்கள்.

சோங்வான்: தொப்புளுக்கும் மார்பெலும்பின் கீழ்முனைக்கும் நடுவில். செரிமானத்துக்கு.

யோங்ச்சுவான்: உள்ளங்காலில், விரல்களை மடக்கினால் முன்பகுதியில் விழும் குழி. சில்லிட்ட பாதங்களுக்கு. பாதத்தில் உணர்வு சரியாக இருப்பவருக்கு மட்டும்.

இடத்தை அழுத்திப் பார்த்து, சற்று வலியோ கனமோ தெரியும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அரை விரல் தள்ளிப்போனாலும் பெரிய தீங்கில்லை. சூடு ஒரு வட்டமாகப் பரவும்.

பற்றவைத்துப் பிடிப்பது

குச்சி பொதுவாக 20 சென்டிமீட்டர் நீளம், கட்டைவிரல் பருமன். வெளித்தாளில் வண்ணக் காகிதம் ஒட்டியிருந்தால் அதை மட்டும் உரித்துவிடுங்கள். நுனி முழுவதும் வட்டமாகச் சிவக்கும்வரை மெழுகுவர்த்தியிலோ லைட்டரிலோ காட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் பற்றினால் சூடு சாய்வாக விழும். தீ எரிந்தால் ஊதி அணைத்துவிடுங்கள்; நமக்கு வேண்டியது சுடர் இல்லாத கனல்.

குச்சியைப் பேனாவைப் போல நுனிக்கு அருகில் பிடிக்காமல், நடுவில் மூன்று விரலால் பிடியுங்கள். சுண்டுவிரலை நோயாளியின் உடம்பில் ஊன்றுங்கள். கை நடுங்காமலும் தூரம் மாறாமலும் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. பத்து சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி மெதுவாக இறக்குங்கள். “இதமான சூடு வருகிறது” என்று அவர் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலும் அது 2 முதல் 3 சென்டிமீட்டர் தூரமாக இருக்கும். மற்றொரு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் புள்ளிக்கு இருபுறமும் வையுங்கள். அவர் உணரும் சூட்டை உங்கள் விரலும் உணரும். எரிச்சல் வருமுன் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பிடிப்பதில் மூன்று விதம் உண்டு. ஒரே தூரத்தில் அசையாமல் பிடிப்பது முதல் விதம், இதைத்தான் முதலில் பழக வேண்டும். குச்சியை மேலும் கீழும் சிட்டுக்குருவி கொத்துவதுபோல அசைப்பது இரண்டாவது. சூடு விட்டுவிட்டு வருவதால் தூண்டுதல் அதிகம், தோலில் இடித்துவிடும் ஆபத்தும் அதிகம். அகலமான தசைவலிக்கு, தோலுக்கு இணையாக வட்டமாகச் சுழற்றுவது மூன்றாவது. இடுப்புக்கும் முழங்காலுக்கும் இந்தச் சுழற்றுமுறைதான் எனக்குப் பிடித்தது. சூடு ஒரே இடத்தில் தங்காததால் தீப்புண் பயமும் குறைவு.

எப்போது போதும்? சீன நூல்கள் தோல் சிவக்கும்வரை என்கின்றன. நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு தெளிவாகத் தெரியாது. சிவப்புக்காகக் காத்திருந்தால் வெந்துபோகும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் நன்றாக வெதுவெதுப்பாகவும் லேசான ஈரப்பதத்தோடும் இருந்தால் அது போதும். முதல் தடவை ஒரு புள்ளி, ஐந்து நிமிடம். உடம்பு ஏற்றுக்கொண்டால் அடுத்த தடவைகளில் ஒரு புள்ளிக்குப் பத்து, பதினைந்து நிமிடம் வரை போகலாம். தோல் 44 டிகிரி செல்சியஸில் நீண்ட நேரம் இருந்தாலே சிதையத் தொடங்கும். “சுடுகிறது” என்று அவர் சொன்ன அந்த நொடியே குச்சியை எடுத்துவிட வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது இந்தச் சிகிச்சையில் பெரும் தவறு. நம் வீடுகளில் பெரியவர்கள் சிகிச்சை என்றால் வலியைத் தாங்க வேண்டும் என்று வாய் திறக்காமல் இருப்பார்கள். அவர்களிடம் நீங்களே நிமிடத்துக்கு ஒருமுறை கேளுங்கள்.

சாம்பல் ஒரு சென்டிமீட்டர் சேர்வதற்குள் குச்சியை உடம்பிலிருந்து விலக்கிக் கொண்டுபோய்த் தட்டில் உருட்டி எடுங்கள். சாம்பல் மூடினால் சூடும் குறையும், உதிர்ந்தால் உள்ளே இருக்கும் கனலும் சேர்ந்து விழும். பல புள்ளிகள் இருந்தால் மேலிருந்து கீழே, முதுகிலிருந்து வயிற்றுக்கு என்பது பழைய ஒழுங்கு.

தலைசுற்றல், வியர்வை, குமட்டல் வந்தால் உடனே நிறுத்தி, படுக்கவைத்து, ஜன்னலை இன்னும் திறந்து, வெதுவெதுப்பான நீர் கொடுங்கள். சிறிது நேரத்தில் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

பெட்டியும் இஞ்சியும்

அடியில் கம்பிவலை உள்ள மரப்பெட்டியில் குச்சித் துண்டுகளை வைத்து வயிற்றிலோ முதுகிலோ வைக்கும் முறை உண்டு. கைக்கு வேலை இல்லை, அதுதான் ஆபத்து. இதம் தூக்கத்தைக் கொண்டுவரும். தூக்கத்தில் சூடு உறைக்காது. பக்கத்தில் ஒருவர் விழித்து உட்கார்ந்திருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

இஞ்சி முறைக்கு, பெரிய இஞ்சியை 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, ஊசியால் பல துளை போட்டுப் புள்ளியின் மேல் வைப்பார்கள். அதன்மேல் சுண்டுவிரல் நுனி அளவு கூம்பாகப் பிடித்த பஞ்சை வைத்து உச்சியில் பற்றவைப்பார்கள். சூடு தாங்காதபோது வில்லையைத் தூக்கி, அடியில் இன்னொரு வில்லை சேர்ப்பார்கள். தொப்புளில் உப்பு நிரப்பிச் செய்யும் முறையிலும் மேலே இஞ்சி வில்லை வைப்பார்கள், உப்பு வெடித்துச் சிதறாமல் இருக்க. இவற்றைப் பயிற்சி பெற்றவரிடம் பார்த்துக் கற்றுக்கொண்ட பிறகே செய்யுங்கள்.

பஞ்சை நேராகத் தோலில் வைத்துக் கொப்புளம் எழுப்பி வடு உண்டாக்கும் பழைய முறையும் உண்டு. நம் சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவங்களில் ஒன்றான சுட்டிகையும் தோலில் சூடு வைப்பதே, அதற்கும் தேர்ந்த கை வேண்டும். இரண்டில் எதையும் வீட்டில் செய்யாதீர்கள்.

அணைப்பது

குச்சியைத் தண்ணீரில் முக்கினால் மறுபடி பயன்படாது. மணலில் குத்தி வையுங்கள், அல்லது ஜாடிக்குள் போட்டு இறுக மூடுங்கள். வெளியே சாம்பல் நிறமாகி அணைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே கனல் நெடுநேரம் உயிரோடு இருக்கும். கால்மணி நேரம் கழித்து நுனியைக் கையருகே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதிசெய்த பிறகே எடுத்து வையுங்கள். தட்டில் தட்டிய சாம்பலைக் குப்பைக்கூடையில் கொட்டுமுன் தண்ணீர் ஊற்றுங்கள். அன்று ஓரிரு மணி நேரம் குளிர்ந்த நீரில் குளிக்காமல், வெதுவெதுப்பான நீர் குடித்து ஓய்வாக இருப்பது வழக்கம்.

தீப்புண் பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மஞ்சள் எதையும் பூசாதீர்கள். சிறு கொப்புளத்தைக் கிள்ளாமல் விட்டால் தானே வற்றும். பெரிதாக இருந்தாலோ, சீழ் பிடித்தாலோ, நோயாளிக்குச் சர்க்கரை இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தை தலைகீழாகத் திரும்ப

மோக்சாவின் பயன்களில் உலகம் அதிகம் கவனித்தது இதைத்தான். கருவில் குழந்தையின் பிட்டம் கீழே இருந்தால், தாயின் கால் சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரத்தில் உள்ள ஜீயின் புள்ளியில் சூடு காட்டுவார்கள். சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 260 பெண்களிடம் நடந்த ஆய்வு 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. 33ஆம் வாரத்தில் தொடங்கினார்கள். 35ஆம் வாரத்தில் மோக்சா பெற்ற 130 பேரில் 98 பேருக்குக் குழந்தை தலை கீழாகத் திரும்பியிருந்தது. பெறாத 130 பேரில் 62 பேருக்கு. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு தெளிவாக இல்லை. ஆனாலும் வழக்கமான கவனிப்போடு சேர்த்துச் செய்தால் பலன் இருக்கக்கூடும் என்பதே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் கருத்து.

இதைத் தானாகச் செய்யத் தொடங்கக் கூடாது. ரத்தப்போக்கு, இரட்டைக் குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, முன்பு சிசேரியன் ஆனது போன்றவை இருந்தால் மகப்பேறு மருத்துவர் வேண்டாம் என்பார். அவர் ஸ்கேனைப் பார்த்துச் சம்மதித்த பிறகு, கால் விரலருகே குச்சியைப் பிடிக்க வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும். நிறைவயிற்றோடு குனிந்து குச்சியைப் பிடிக்க முடியாது. செய்து முடித்த பிறகு குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, நீர் கசிந்தாலோ, வலி வந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திரும்பியதா இல்லையா என்பதை வயிற்றைத் தொட்டு ஊகிக்காமல், அடுத்த ஸ்கேனில் பார்த்துக்கொள்ளுங்கள்.